கிளீனர் சைடு

பயப்படாதீர்கள் அக்கா, அது ஒன்றுமில்லை. பஸ் சீட்டுக்கு அடியில் ஏதோ தகரம் ஆடுகிறது. தகரம் என்றால் சளசளவென்று நிற்காமல் பேசிக்கொண்டே வரும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற பால் ஜாயிண்ட் அப்படிப் பேசாது. பள்ளத்தில் இறங்கினால் ஒரு 'டொக்'. ஸ்டீயரிங்கை ஒடித்தால் ஒரு 'டொக்'. சொல்ல வேண்டியதை ஒரு தரம் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். எனக்கு அந்த மாதிரி ஆட்களைக் கண்டாலே எரிச்சல்.

எனக்கு எப்படித் தெரியும் என்றா கேட்கிறீர்கள்? நான் மெக்கானிக் இல்லை. சமூகவியலில் முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். 'அலுவலகச் சுற்றறிக்கைகளில் அதிகாரத்தின் மொழி.' நாலாவது வருஷம்.

டவுன் வரைக்குமா போகிறீர்கள்? நல்லதாகப் போயிற்று, முக்கால் மணி நேரம் இருக்கிறது. பதினோரு மணிக்கு நான் ஒரு விசாரணையில் நிற்க வேண்டும். என் மேல் இல்லை, எங்கள் விடுதி வேன் ஓட்டுகிற சுடலைக்கண்ணு அண்ணாச்சி மேல். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அவருக்கு வேலை இருக்கிறதா போகிறதா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும். நான்தான் சாட்சி. ஒரே சாட்சி. முழுவதையும் கேட்டு நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள். நான் நியாயத்துக்குக் கட்டுப்பட்டவள்.

எங்கள் விடுதி பல்கலைக்கழகத்திலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி. பெண்கள் விடுதி மட்டும் ஏன் தள்ளி என்று கேட்டு நான் ஒரு மனு கொடுத்திருக்கிறேன், அது வேறு கதை. நடுவில் குளத்துக்கரை ரோடு. ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் குளம். ஐப்பசி மழையில் குளம் ரோட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பதினாலு பெண்கள், ஒரே வேன். அந்த வேனில்தான் 'டொக்'.

முதலில் கண்டுபிடித்தவர் அண்ணாச்சி. அதை நான் மறைக்கவே இல்லை, என் மனுவில் 'ஓட்டுநரின் அனுபவ அறிவு' என்று ஒரு பத்தியே ஒதுக்கியிருக்கிறேன். "பாப்பா, கிளீனர் சைடு பால் ஜாயிண்ட் போச்சு. வண்டி ஒரு பக்கமா இழுக்கு. டயரு உள்விளிம்பு மட்டும் தேஞ்சிருக்கு பாத்தியளா?" என்றார். நான் முதலில் அந்தப் 'பாப்பா'வை எடுத்துக்கொண்டேன். இருபத்தாறு வயது ஆராய்ச்சி மாணவியைப் பாப்பா என்று கூப்பிடுவதில் என்ன அரசியல் இருக்கிறது என்று பத்து நிமிஷம் விளக்கினேன். "சரிங்க மேடம்" என்றார். மேடத்திலும் ஒரு அரசியல் இருக்கிறதே, அதையும் விளக்கினேன். அதற்கப்புறம் அவர் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. கண்ணாடியைப் பார்த்து இருமுவார், நான் நிமிர வேண்டும்.

வாகனக் குழுவுக்குத் தலைவர் பேராசிரியர் திருமேனிநாதன். பாசியில் ஆராய்ச்சி செய்கிறவர். ஆமாம் அக்கா, குளத்தில் படருமே, அதே பாசிதான். பழைய தலைவர் ஓய்வுபெற்ற அன்றைக்கு இவர் விடுப்பில் இருந்தார், மாட்டேன் என்று சொல்ல ஆளில்லை, போட்டுவிட்டார்கள். "சத்தம் வருதுன்னு வாயால சொன்னாப் போதுமாம்மா? ரெக்கார்டு வேணும்ல" என்றார். செல்போனில் பதிவு செய்து கொடுத்தேன். "இது நம்ம வேன் சத்தம்தான்னு எப்படி நம்புறது?" என்றார். சத்தத்தைக் கேட்க மூன்று பேராசிரியர்கள் கொண்ட குழு போட்டார்கள். குழு வேனில் ஏறியது. துணைவேந்தர் பங்களாவுக்குப் புதிதாகத் தார் போட்டிருக்கிறார்கள், அந்த ரோட்டில் மாட்டு வண்டி வேகத்தில் போய், அங்கே டீ குடித்து, திரும்பி வந்து எழுதிக் கொடுத்தது: 'ஒலி எதுவும் கேட்கப்படவில்லை. இருக்கைகள் வசதியாக உள்ளன.'

சிரிக்காதீர்கள் அக்கா. எனக்கு ரத்தம் கொதித்தது.

அண்ணாச்சி நேராக வண்டியை மைதீன் பிச்சை பாய் பட்டறைக்கு விட்டார். பல்கலைக்கழக வண்டிகளைப் பார்க்கிற பட்டறை அது. நானும் கூடவே போனேன். பாய் ஜாக்கியை வண்டியின் அடிச்சட்டத்துக்குக் கொடுக்கவில்லை. சக்கரத்தைத் தாங்குகிற லோயர் ஆர்ம் என்று ஒரு இரும்புக் கை உண்டு, அதற்கு அடியில் கொடுத்தார். அப்போதுதான் பாரம் ஜாயிண்டை விட்டு இறங்கி ஆட்டம் வெளியே தெரியுமாம். டயர் தரையை விட்டு இரண்டு விரல் எழும்பியது. அதற்கு அடியில் கடப்பாரை மாதிரி ஒரு லீவரை விட்டு நெம்பினார். 'டொக்.' என் சத்தம் அக்கா! மூன்று பேராசிரியர் காதில் விழாத சத்தம்!

"இது வீல் பேரிங்காக இருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். கேள்வி கேட்காமல் நான் எதையும் ஏற்பதில்லை. பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மெச்சினார் என்றுதான் நினைக்கிறேன். "உள்ள ஏறி பிரேக்க மிதிங்கம்மா" என்றார். பேரிங் ஆட்டம் என்றால் பிரேக் பிடித்ததும் நின்றுவிடுமாம். நான் மிதித்தேன், அவர் நெம்பினார். 'டொக்.' நிற்கவில்லை.

இறங்கிப்போய் வேனுக்கு எதிரே, மூஞ்சிக்கு மூஞ்சி, குத்தவைத்துப் பார்த்தேன். ரப்பர் உறை கிழிந்து கிரீஸெல்லாம் வழிந்து மண் அப்பியிருந்தது. நமக்கு இடுப்பு எலும்பு குழியில் உட்கார்ந்திருக்கிறதே, அந்த மாதிரி ஒரு இரும்புக் குமிழ் ஒரு கிண்ணத்துக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கே கிண்ணம் தேய்ந்து குமிழ் தன்னிஷ்டத்துக்குக் குதித்துக்கொண்டிருந்தது.

"இது கழண்டா என்ன ஆகும் பாய்?"

"சக்கரம் மடங்கிப் படுத்துரும்மா. ஸ்டீயரிங்கும் கேக்காது, ஒண்ணும் கேக்காது. குளத்துக்கரையில வச்சு ஆச்சுன்னா..." பாய் எழுந்தார். லீவரைத் துடைத்து மூலையில் சாத்தினார்.

அன்று சாயங்காலமே மனு எழுதினேன். இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். அண்ணாச்சி 'கிளீனர் சைடு' என்று எழுதச் சொன்னார், அதாவது டிரைவருக்கு மறுபக்கம். நான் கேட்டேன், இந்த வேனில் கிளீனர் யார்? ஒருவரும் இல்லை. இருந்ததே இல்லை. அந்தப் பக்கத்து முன்சீட்டில் உட்காருகிறவள் ஜெயசீலி, வேதியியல் ஆராய்ச்சி மாணவி. இல்லாத ஒரு உழைப்பாளியை, அதுவும் 'துடைக்கிறவன்' என்று பெயர் வைத்து, வண்டிக்கு ஒரு பக்கமாக்கி வைத்திருக்கிறோமே, வெட்கமாக இல்லையா? "அப்படியே சொல்லிப் பழகிட்டும்மா" என்றார். பழக்கம்! எல்லா அநியாயமும் பழக்கம்தானே அக்கா? நான் அடித்துவிட்டு நல்ல தமிழில் எழுதினேன்: 'வலப்புற முன்சக்கரத்தின் பந்துக்கிண்ண மூட்டு.'

அவர் தாளை வாங்கி முழுவதும் படித்தார். விரலை வைத்துப் படித்தார். இருமினார்.

"வலதுன்னு போட்டிருக்கே?"

"ஆமாம். என் கண்ணால் பார்த்தேன். வலது கைப் பக்கம்."

"நீங்க எதிர நின்னுல்லா பாத்திய. சீட்ல உக்காந்து பாத்தா அது இடது."

"ஏன் சீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்? உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவர் ஒருத்தர், வெளியே நின்று பார்க்கிறவர்கள் ஊரே. ஒருத்தர் பார்வையை எல்லாருக்கும் பொதுவாக்குவது என்ன நியாயம் அண்ணாச்சி?"

அவர் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். நீங்களே சொல்லுங்கள், பதில் இருந்திருந்தால் சொல்லியிருப்பார் இல்லையா? "எப்படியோ மாத்துனாச் சரி. பாய்க்குத் தெரியும்" என்று கையெழுத்துப் போட்டார். கீழே பதினாலு பெண்களும் போட்டார்கள். படித்துப் பார்த்துப் போட்டவர் அவர் ஒருத்தர்தான்.

மனு போய்ப் பத்து நாள் சத்தமே இல்லை. விசாரித்தால், 'பந்துக்கிண்ண மூட்டுத் தேய்மானம்' என்று தலைப்பைப் பார்த்துக் கோப்பைச் சுகாதார மையத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மருத்துவர் 'ஓய்வும் மிதமான உடற்பயிற்சியும்' என்று பரிந்துரைத்திருந்தார். நல்ல தமிழ் படிக்கத் தெரியாத அலுவலகத்துக்கு நான் பொறுப்பா? பதிவாளர் அறை வாசலில் பதினாலு பேரும் உட்கார்ந்தோம். நான் இரண்டு மணி நேரம் பேசினேன். மூன்றாவது மணி நேரம் ஆரம்பிக்கும்போது அனுமதி கையெழுத்தாகி வெளியே வந்தது. 'வலப்புற முன்சக்கரத்துக்கு மட்டும், ஒன்று. கழற்றிய பழைய பாகத்தைப் பண்டகசாலையில் ஒப்படைக்க வேண்டும்.' ஆணையில் என் சொற்கள் அப்படியே இருந்தன அக்கா. நாலு வருஷ ஆராய்ச்சியில் அதிகாரத்தின் மொழியை நான் மாற்றியது அந்த ஒரு நாள்தான்.

சும்மா விட்டுவிடுவேனா? வேலை நடந்த அன்றைக்கு ஆணையின் நகலோடு பட்டறைக்குப் போனேன். வேன் சுவரைப் பார்த்து நின்றது. நான் பின்னாலிருந்து போனேன். பாய் வேலையை முடித்துக்கொண்டிருந்தார். அழகான வேலை, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நட்டைப் பூட்டியிருக்கிற ஸ்பிளிட் பின்னை உருவி, நட்டைத் தளர்த்தி, பக்கத்து இரும்பில் சுத்தியலால் இரண்டு போடு போட்டால், பிடிவாதமாக நின்ற குமிழ் 'டப்' என்று இறங்கிவிடுகிறது. ஆர்மில் மூன்று போல்ட்டைக் கழற்றினால் பழசு கையோடு வந்துவிடும். புதுசை வைத்து, முறுக்கி, புது ஸ்பிளிட் பின் போட்டு மடக்கி, கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் எந்தப் பக்கம்? இடது! நான் நிற்கிற இடத்திலிருந்து பளிச்சென்று இடது! வலது பக்கம் போய்க் குனிந்தால், பழைய ஜாயிண்ட் அப்படியே இருக்கிறது.

நான் முன்னாலிருந்து பார்த்ததும் பின்னாலிருந்து பார்த்ததும் ஒன்றாகுமா என்று கேட்கப் போகிறீர்கள். எல்லாரும் கேட்கிறார்கள். பார்க்கிறவர் இடம் மாறினால் உண்மையும் இடம் மாறும் என்று என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். பட்டறையில் வைத்து நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

"பாய், ஆணையில் வலது. நீங்கள் போட்டிருப்பது இடது."

"போனது கிளீனர் சைடுதானம்மா? அந்தப் பக்கம் நல்லாருக்கு. நல்லாருக்கத எதுக்குக் கழட்டணும்?"

அண்ணாச்சி குறுக்கே வந்தார். "ஏம்மா, அன்னைக்கே சொன்னம்லா. வேலை முடிஞ்சிட்டு. விட்ருங்க."

விட்டுவிடுங்கள்! ஊழலுக்கு முதல் வாசகமே அதுதான் அக்கா. எத்தனை கோப்பில் படித்திருக்கிறேன். நான் படம் எடுத்தேன், ஆணையின் நகலோடு சேர்த்து ஐந்து பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இருபத்து மூன்று நாள் அசையாத பல்கலைக்கழகம் நாற்பது நிமிஷத்தில் பட்டறைக்கு வந்தது. திருமேனிநாதன் காரை விட்டு இறங்கும்போதே, "ஆர்டர்ல என்ன இருக்கோ அதைச் செய்யுங்க பாய்" என்றார்.

"சார், ரெண்டு பக்கத்துக்கும் ஒரே சாமான்தான். மாத்தி மாட்ட முடியும், அது இல்ல விஷயம். புதுச நல்லாருக்க பக்கத்துல போட்டா, அங்க கழட்டுன நல்லத ஆர்டர்படி பண்டகசாலைக்குக் குடுக்கணும், இங்க பழசத்தான் திருப்பிப் போடணும். அது செத்துப்போன சாமான் சார்."

"அப்ப அதுக்குத் தனியா ஒரு மனு குடுக்கச் சொல்லுங்க."

பண்டகசாலைக்காகச் சாக்கில் சுற்றி வைத்திருந்த பழைய ஜாயிண்டைப் பாய் வெளியே எடுத்தார். ரசீதில் 'கிளீனர் சைடு ஓட்டத் தகுதி இல்லை' என்று எழுதினார். 'கேட்கப்படாத கருத்து' என்று அதைத் திருமேனிநாதன் அடித்தார். மாற்றி மாட்டும் வரைக்கும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வென்றவள் மாதிரித்தான் நின்றேன். இப்போது சொல்ல என்ன?

மறுநாள் அண்ணாச்சி சாவியை மேஜையில் வைத்துவிட்டார். "இந்த வண்டிய நான் எடுக்க மாட்டேன் சார்." அதிகாரத்துக்கு எதிராக ஒரு ஓட்டுநர்! எனக்குப் புல்லரித்தது. அவர் எதை எதிர்க்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லை, ஆதரவு தெரிவித்து உடனே ஒரு அறிக்கை எழுதினேன். அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்து, வேறு ஒரு ஓட்டுநரைப் போட்டார்கள். வேனில் 'டொக்' கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஜெயசீலி திரும்பிப் பார்த்து, "ஏட்டி, சத்தம் போகலையே?" என்றாள். புதுச் சாமான் பழக நாலு நாள் ஆகும் என்று சொன்னேன்.

ஆமாம், நான்தான் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை, விடுதி வாசல் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது சக்கரம் மடங்கிப் படுத்தது. வேன் ஒரு பக்கம் முட்டி போட்டது. எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர். முன்சீட்டில் ஜெயசீலிக்கு உதடு கிழிந்து மூன்று தையல். வேறு ஒன்றும் இல்லை. வேகத்தடைக்கும் குளத்துக்கரைக்கும் இருபது அடிதான். நான் அளக்கவில்லை, அண்ணாச்சி அளந்து சொன்னார்.

இப்போது குற்றம் யார் மேல்? மனுவில் கையெழுத்துப் போட்ட ஓட்டுநர் மேல். பெண்கள் பயணிகள், அவர்களுக்கு வண்டி தெரியாது, ஓட்டுநருக்குத் தெரிய வேண்டாமா என்று குற்றப்பத்திரிகையில் இருக்கிறது. 'தவறான பக்கத்தைக் குறிப்பிட்டு நிர்வாகத்தைத் திசைதிருப்பியது, பணிக்கு வர மறுத்தது.' அண்ணாச்சி என்ன பதில் எழுதினார் தெரியுமா? 'படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.' பொய் அக்கா! விரல் வைத்துப் படித்தார், நான் பார்த்தேன். போன் போட்டு ஏன் பொய் சொன்னீர்கள் என்று சண்டை பிடித்தேன். "நீங்க மாத்திச் சொன்னியன்னு ஆச்சுன்னா உங்க படிப்பக் கெடுத்துருவானுவ. எனக்கு என்ன, வேற வண்டி ஓட்டிக்கிடுவேன்" என்றார். பெண்ணைக் காப்பாற்ற வேண்டிய பொருளாக நினைக்கிற மனோபாவம்! அதை அவரிடம் சொல்ல வாயைத் திறந்தேன்.

சொல்லவில்லை. அன்றைக்கு மட்டும் ஏனோ வரவில்லை.

முந்தாநாள் மைதீன் பாய் விடுதி வாசலுக்கு வந்து ஒரு தாளைக் கொடுத்தார். விசாரணை அதிகாரி ஓய்வுபெற்ற நீதிபதி, அண்ணாச்சியை விடுவிக்க இது ஒன்று போதும் என்று சொல்லியிருக்கிறாராம். ஒரே வரி. இதோ பாருங்கள். 'பழுது கிளீனர் சைடு என்று ஓட்டுநர் சரியாகச் சொன்னார். நான்தான் தவறாக எழுதினேன்.' கீழே என் பெயருக்கு இடம்.

கையெழுத்துப் போடுவது பெரிய விஷயமா என்கிறீர்கள். உங்களுக்குப் புரியவில்லை அக்கா. ஒரு பெண் வண்டியைப் பற்றி வாயைத் திறந்தாள், அவளுக்கு இடது வலது தெரியவில்லை. இந்த வரியை அவர்கள் சட்டம் போட்டு மாட்டுவார்கள். இனிமேல் எந்தப் பெண் பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னாலும் திருமேனிநாதன் இதை எடுத்துக் காட்டுவார். பங்களா ரோட்டில் டீ குடித்த மூன்று பேரை யார் விசாரித்தார்கள்? பாயின் எழுத்தை அடித்த பேனாவை யார் விசாரித்தார்கள்? நான் எழுதியது ஒரு சொல், அவர்கள் செய்தது இருபத்து மூன்று நாள்! அதனால்தான் பதினோரு பக்கத்தில் ஒரு விளக்கம் தயாரித்தேன். பக்கம் என்பது யாருடைய பக்கம் என்ற கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறது. படித்தால் நீங்களே கை தட்டுவீர்கள். நேற்று ஜெயசீலிக்குப் படித்துக் காட்டினேன். தையலோடு பேச முடியாமல் ஒரு சீட்டில் எழுதிக் காட்டினாள்: 'இதில் அண்ணாச்சி எங்கே வருகிறார்?'

ஒன்பதாம் பக்கத்தில் வருகிறார். அடிக்குறிப்பில்.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? தீர்ப்புச் சொல்லுங்கள் என்றால் பார்க்கிறீர்களே. சரி, பேனா இருக்கிறதா? கொடுங்கள். பஸ் ஆடுகிறது, கோணலாகத்தான் வரும். பரவாயில்லை. போட்டாயிற்று. இந்த 'தவறாக'வுக்கு முன்னால் 'ஒரு கோணத்தில்' என்று மட்டும் சேர்த்தால்... சரி, சரி, சேர்க்கவில்லை. பேனாவைப் பிடுங்காதீர்கள்.

மணிக்கூண்டு வந்துவிட்டது, நான் இறங்க வேண்டும். அக்கா, ஒரு உதவி. இந்தப் பதினோரு பக்கத்தையும் நீங்கள் கொண்டுபோய்விடுங்கள். திருப்பித் தர வேண்டாம், எதையாவது மடிக்க வைத்துக்கொள்ளுங்கள். என் பையில் இருந்தால் உள்ளே போனதும் கொடுத்துவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். ஏழாம் பக்கத்தில் இரண்டாவது பத்தி மட்டும், பாசியைப் பற்றி ஒரு வரி, அதை மட்டும் கிழித்துக்கொள்ளவா? இல்லை. வேண்டாம். பிடியுங்கள் அக்கா, நன்றாகப் பிடியுங்கள், நான் இன்னும் விடவில்லை.